புஷ்பம் உட்காரும் மேசை

அங்கிட்டுத் திரும்பிப் பாக்காதீங்க தம்பி. கை கழுவுற தொட்டி இருக்குல்ல, அதுக்குப் பக்கத்து மேசை. பாசிப்பச்சைச் சேலை, மூக்குக்கண்ணாடி. சரி, பாத்துட்டீங்க, போதும். அது என் வீட்டுக்காரி.

ஆமா, எம் பொண்டாட்டிதான். பேரு தங்கபுஷ்பம். சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரே வீட்லருந்துதான் வர்றோம். அவ முன்னால வந்துருவா, நான் பின்னால வருவேன். அவ அந்த மேசையில உக்காருவா, நான் இந்த மேசையில உக்காருவேன். அவ மேசையில எனக்கு எடம் இல்ல. லோடுமேன் போய் உக்காரலாம், லாரி டிரைவர் உக்காரலாம். உங்க பையில சாம்பிள் அட்டையெல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கே, காலண்டர் ஆர்டர் குடுக்கத்தானே சிவகாசிக்கு வந்தீங்க, நீங்க போய் உக்காந்தாலும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. தாலி கட்டுனவன் மட்டும் உக்காரக்கூடாது. இந்தக் கூத்தை எங்க போய்ச் சொல்ல.

நான் சத்தமா பேசுறேனா? இருக்கும். ஆப்செட் பிரஸ்ல போர்மேனா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆயிருச்சு. ரகசியம் சொன்னாலும் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்னு புஷ்பம் சொல்லுவா.

கடைக்குப் புதுசுங்களா? அப்ப முழங்கையை மேசையில ஊனாதீங்க, சட்டை ஒட்டிக்கும். துடைக்கிறாங்கதான், துடைக்கிற துணியிலயே எண்ணெய். இங்க போர்டு கிடையாது. சேர்மக்கனின்னு ஒருத்தன் பரிமாறுறான், அந்தா, காதுல பென்சில் சொருகிக்கிட்டு வர்றான் பாருங்க, அவன்தான். வந்து ஒரே மூச்சுல என்னென்ன இருக்குன்னு சொல்லுவான். ரெண்டாந்தடவை கேட்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவான். கெட்டிச் சட்னி கேட்டா தண்ணிச் சட்னி வரும், தண்ணிச் சட்னி கேட்டா தீந்துருச்சும்பான். பூரி வாங்கிறாதீங்க, புழிஞ்சா வெளக்கேத்தலாம். தோசை சொல்லுங்க. தோசை மட்டும் பரவாயில்ல. அதையும் நான் ஒத்துக்கிறதில்ல, ஆனா பரவாயில்ல.

இந்தக் கடைக்குத்தான் அவ வர்றா. பளிங்குத் தரை போட்ட ஓட்டலுக்குப் போனாலும் ஒரு நியாயம் இருக்கு. இங்க காலையில வர்றது பூராம் ராத்திரி ஷிப்டு முடிச்ச பிரஸ்காரப் பயலுக, பார்சல் ஆபீஸ் லோடுமேனுக. பொம்பளைக வந்தா வாசல்ல நின்னு பார்சல் வாங்கிட்டுப் போவாங்க. உள்ள வந்து உக்காந்து, என்ன இருக்குன்னு கேட்டுச் சாப்பிடுற ஒரே பொம்பளை எம் பொண்டாட்டிதான். ஊருக்குள்ள கண்ணு, காது, மூக்கு வச்சுப் பேசுறாங்க. போர்மேன் வீட்ல அடுப்பு எரியலையான்னு என்கிட்டயே ஒருத்தன் கேட்டான். அடுப்பு நல்லா எரியுதுய்யா. அதுதானே என் வயித்தெரிச்சலே.

ஆமா தம்பி. எனக்கு இட்லி அவிச்சு ஹாட்பாக்ஸ்ல போட்டு மூடி வச்சுட்டுத்தான் இங்க வர்றா. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. வீட்ல சுடச்சுட இட்லி இருக்கு, அதே இட்லியைக் கடையில காசு குடுத்துத் திங்க வர்றா. இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களாச்சும் சொல்லுங்க. படிச்சவர் மாதிரி இருக்கீங்க.

எப்ப ஆரம்பிச்சதுன்னா, ஆடியில. காலண்டர் ஆல்பமெல்லாம் வெளியில வர்ற நேரம். வீட்ல நாங்க ரெண்டு பேருதான். ஒரே மக ஜெயசுதா, திருப்பூர்ல கட்டிக் குடுத்தாச்சு. ஒரு நாள் காலையில கேஸ் தீந்துபோச்சு. மாத்துச் சிலிண்டரும் காலி. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். சரி, போய் அழகர் கடையில இட்லி பார்சல் வாங்கிட்டு வான்னு அனுப்பிவிட்டேன். அழகர்ங்கிறது இந்தக் கடை மொதலாளி, அந்தா கல்லாவுல வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு பாருங்க.

போனவ வரவே இல்ல. எனக்குப் பசி காதை அடைக்குது. பேப்பர்ல வரி விளம்பரம் வரைக்கும் படிச்சு முடிச்சுட்டேன். அப்புறம் வர்றா, வெறுங்கையோட. எங்கடி பார்சல்னேன். அவ வாயில கையை வச்சுக்கிட்டு, ஐயய்யோ மறந்துட்டேங்கன்னா. பார்சல் வாங்கப் போனவ பார்சலை மறப்பாளா? உதட்டோரத்துல எண்ணெய் மினுங்குது. சாப்பிட்டியான்னேன். கூட்டமா இருந்துச்சு, பார்சல் கட்ட நேரமாகும், அதுவரைக்கும் உக்காந்து சாப்பிடுங்கக்கான்னு சேர்மக்கனி சொன்னாப்ல, உக்காந்தேன்னா. சொல்லிட்டுத் திரும்ப ஓடிப்போய் வாங்கிட்டு வந்தா. அதைச் சொல்லணும்ல, உடனே ஓடுனா. என்னைப் பட்டினி போட்டா மனசு தாங்காது அவளுக்கு.

மறுநாள் சிலிண்டர் வந்துருச்சு. இட்லி அவிச்சா. தட்டு, சட்னி, தண்ணி எல்லாம் எடுத்து வச்சா. வச்சுட்டுத் தலையைச் சீவி, பொட்டு வச்சு, மணிபர்சை எடுத்துக்கிட்டா. எங்கன்னேன். இந்தா வந்துர்றேன்னா. அன்னிக்கு ஆரம்பிச்சது. ஐப்பசி வந்துருச்சு, இன்னும் நிக்கல.

எனக்கு மொதல்ல புரியல தம்பி. நானும் நாலும் யோசிக்கிறவன்தான். மெஷின்ல கலர் ஓரம் தப்புனா எந்த ரோலர்ல கோளாறுன்னு நின்ன எடத்துலருந்தே சொல்லுவேன். இது என்ன கோளாறுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் பாத்தேன்.

மொதல்ல நாக்கு ருசின்னு நெனச்சேன். கடைச் சாப்பாடு ருசி காட்டிருச்சுபோல, சரி, வயசான காலத்துல ஆசைப்படுறா, நம்மளே வாங்கிக் குடுத்துருவோம்னு மனசை இளக்கிக்கிட்டு நானே கெளம்பி வந்தேன். நானே! கடை வாசல்ல லைன்ல நின்னு இட்லி, தோசை, வடை, சாம்பாரு, மூணு வகைச் சட்னி அம்புட்டும் பார்சல் கட்டி வாங்கிட்டுப் போய் அவ முன்னால வச்சேன். இனிமே நீ அலைய வேண்டாம், கடையே வீட்டுக்கு வந்துருச்சுன்னேன். அவ உக்காந்து ஒவ்வொரு பொட்டணமா நூலைப் பிரிச்சா. சாம்பாரு கவரை முடிச்சவுத்து ஏனத்துல ஊத்துனா. ஆறியிருக்குன்னு சாம்பாரைச் சுட வச்சா. தோசை வெறைச்சுப்போயிருக்கு, எனக்கு ஆகாதுன்னு கல்லுல போட்டுத் திருப்பிக் குடுத்தா. எனக்குப் பரிமாறுனா. நான் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடிச்சதும் எச்சில் ஏனத்தையெல்லாம் தேய்ச்சுக் கவுத்துனா. கவுத்திட்டு மணிபர்சை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போயிட்டா.

இப்ப சொல்லுங்க, யாரு மேல தப்பு? மறுநாளும் வாங்கிட்டு வந்தேன், அதே கதை. அதுக்கப்புறம் நான் எதுக்கு லைன்ல நிக்கணும்னு விட்டுட்டேன்.

ருசி இல்ல. அப்ப மாவாட்டுற வேலைதான் சலிப்பா இருக்கும்னு நெனச்சேன். பழைய கிரைண்டர், கல்லைத் தூக்கணும், குழவியைக் கழுவணும். சரின்னு புதுசா சாய்க்கிற கிரைண்டர் ஒண்ணு வாங்கிப் போட்டேன். அவளுக்குச் சந்தோசம். மாவு பஞ்சு மாதிரி வருதுங்கன்னா. நெசமாவே இட்லி இன்னும் மெத்துமெத்துன்னு வந்துச்சு, எனக்கு ரெண்டு இட்லி கூடவே போச்சு. அவ கடைக்குப் போயிட்டா.

சேர்மக்கனி, இங்க சாம்பாரு. தம்பிக்கு ஒரு தோசை. எனக்கும் ஒண்ணு போடு. அந்தா பாருங்க, கேட்டுச்சா கேக்கலையான்னே தெரியாத மாதிரி போறான்.

எங்க விட்டேன்? ஆங். எனக்கு மனசுல ஒரு அழுக்கு எண்ணமும் வந்துச்சு. வெக்கத்தை விட்டுச் சொல்றேன், நீங்க வெளியூரு. இந்த வயசுல என்ன இருந்துறப் போகுதுன்னுதான் நெனச்சேன், இருந்தாலும் ஆம்பளை மனசு. எதிர்த்தாப்புல ஜெராக்ஸ் கடை இருக்குல்ல, அதுக்குள்ள போய் ஆதார் அட்டையைக் குடுத்துட்டு ஓரமா நின்னு பாத்தேன்.

ஒண்ணுமே இல்ல தம்பி. வந்தா. உக்காந்தா. சேர்மக்கனி வந்து, என்னக்கா வேணும்னு கேட்டான். இவ உடனே சொல்லல. யோசிக்கிறா. கல்யாணச் சேலை எடுக்கிற மாதிரி யோசிக்கிறா. தோசையா பொங்கலான்னு அம்புட்டு யோசனை. அவனும் நிக்கிறான். என்கிட்ட மூஞ்சியைத் தூக்குறவன், இவகிட்ட பேசாம நிக்கிறான். அப்புறம் என்னமோ சொன்னா, வந்துச்சு, சாப்பிட்டா. முழுசா சாப்பிட்டா. நடுவுல எந்திரிக்கல. சாப்பிட்டதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தா. கையைக் கூட உடனே கழுவல, காய விட்டுக்கிட்டு ரோட்டைப் பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் எச்சி இலையை அப்படியே மேசையில விட்டுட்டு, ராணி மாதிரி எந்திரிச்சுப் போறா. நான் வெளியில நிக்கிறது கூடத் தெரியாம என்னைத் தாண்டியே போனா.

இதுக்கா இத்தனை பாடு? இதைத்தான் வீட்லயும் செய்யலாமே.

வீட்ல அவளுக்கு என்ன குறை? நான் ஒரு கெட்ட பழக்கம் இல்லாதவன். சாப்பாட்டுல மட்டும் கொஞ்சம் கண்டிசன், அதுவும் சின்ன வயசுலருந்து வந்தது. தோசைன்னா கல்லுலருந்து நேரா தட்டுக்கு வரணும். ஆறுன தோசையை நான் வாயில வைக்க மாட்டேன். அது அவளுக்கும் தெரியும், ஒண்ணு முடியிறப்ப அடுத்தது வந்துரும், நான் கேட்டதே கிடையாது. சட்னி தீர்றப்ப சட்னி. விக்குறதுக்கு முன்னாலயே தண்ணி. பிரஸ்ல எல்லாரும் டிபன் பாக்ஸ்ல ஆறுனதைத் திங்குறப்ப, குடுத்து வச்சவன்யா நீன்னு என்னையச் சொல்லுவாங்க. அவளா? அவ நான் வேலைக்குக் கெளம்புனப்புறம் சாப்பிடுவா. வீட்ல இருக்கவதானே, எப்ப வேணாலும் சாப்பிட்டுக்கலாம்.

இந்தச் சேர்மக்கனி ஒரு நாள் என்கிட்ட சிரிச்சுக்கிட்டே சொன்னான். அக்கா மொத நாளு வந்தப்ப தோசையைத் தொட்டுப் பாத்துட்டு, சூடா இருக்கேன்னாங்க அண்ணாச்சி, தோசை சூடா இல்லாம எப்படி இருக்கும்னான். நானும் சிரிச்சுட்டேன். வாழ்நாள் பூராம் தோசை சுட்டவளுக்கு, தோசை சூடா இருக்கும்னு தெரியலையாக்கும்.

அதுக்கப்புறம்தான் நானும் உள்ள வந்தேன். பகையாளியா என்ன, பொண்டாட்டி சாப்பிடுற கடை, நானும் சாப்பிட்டுப் போறேன். நேரா போய் அவ எதிர்லயே உக்காந்தேன். என்னைப் பாத்ததும் அவ முகம் கொஞ்சம் மாறுச்சு. கூச்சம்னு நெனச்சேன். கடையில புருசன் எதிர்ல உக்காந்து சாப்பிடுறது பழக்கமில்லல்ல.

அன்னிக்கு நல்லாத்தான் சாப்பிட்டோம். சேர்மக்கனி எனக்குச் சட்னி வைக்க மறந்துட்டான், அவ எந்திரிச்சுப் போய்ச் சட்னி வாளியையே வாங்கிட்டு வந்து வச்சா. என் வடையில ஒரு பக்கம் கருகியிருந்துச்சு, அவ வடையை எனக்கு வச்சுட்டு அதை எடுத்துக்கிட்டா. டம்ளர்ல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு, கழுவிக் கொண்டாந்தா. எனக்கு ரெண்டாவது தோசை நேரமாகுதுன்னு அடுப்பு வரைக்கும் போய்ச் சொல்லிட்டு வந்தா. எனக்கு வீட்ல சாப்பிடுற மாதிரியே இருந்துச்சு தம்பி. அவதான் சரியாச் சாப்பிடல, பாதித் தோசையை வச்சுட்டா. வயிறு நெறைஞ்சிருச்சாம்.

சாயங்காலம் என் பக்கத்துல வந்து உக்காந்து, ஒரு விசயம்னா. அவ அப்படி உக்காந்து பேசுற ஆளே இல்ல. நின்னுக்கிட்டே சொல்லிட்டுப் போயிருவா. நான் டிவி சத்தத்தைக் குறைச்சேன்.

"நாளைக்குக் கடைக்கு வர்றதுன்னா வாங்க. வராதீங்கன்னு சொல்லல. வேற மேசையில உக்காந்துக்கங்க."

ஏன்னேன்.

"நீங்க எதிர்ல இருந்தா என் கை சும்மா இருக்க மாட்டேங்குது. உங்க இலையையே பாக்குது கண்ணு. நான் என்ன சாப்பிட்டேன்னே எனக்குத் தெரியல. அங்க உக்காந்திருக்கிற கொஞ்ச நேரம் எனக்கு வேணுங்க."

இதென்ன பேச்சு? நான் என்ன கைப்புள்ளையா, எனக்கு ஊட்டி விடணுமா? என் இலையைப் பாக்கச் சொல்லி நான் சொன்னேனா? நீ பாட்டுக்குச் சாப்பிடு, நான் பாட்டுக்குச் சாப்பிடுறேன்னேன். சரிங்கன்னு எந்திரிச்சுப் போயி எனக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்தா. ஆனா மறுநாள் நான் அவ எதிர்ல போய் உக்காந்ததும், இலையை எடுத்துக்கிட்டு இந்தா இந்த ஓர மேசைக்கு வந்துட்டா. கடையே பாக்குது. எனக்கு மானமே போச்சு. அதுக்கடுத்த நாள் அவ பழையபடி அந்த மேசைக்குப் போயிட்டா, நான் இந்த மேசைக்கு வந்துட்டேன். அதுலருந்து இப்படியே ஓடுது.

அழகர் அண்ணாச்சிகிட்ட நாயம் கேட்டேன். என்ன அண்ணாச்சி, இது குடும்பம் நடத்துற லட்சணமான்னேன். அவரு மிச்சக் காசை எண்ணிக்கிட்டே, யாரு எங்க உக்காரணும்னு நான் சொல்ல முடியுமா, அவங்களும் எனக்குக் கஸ்டமரு, நீங்களும் கஸ்டமருன்னுட்டாரு. கஸ்டமராம். எம் பொண்டாட்டியைப் பத்தி என்கிட்டயே.

மகளுக்குப் போன் போட்டேன். உங்கம்மா இந்த மாதிரி பண்றா, நீ கொஞ்சம் சொல்லுன்னு முழுக்கதையும் சொன்னேன். அவ கேட்டுட்டுச் சிரிச்சா. அப்படியொரு சிரிப்பு. அப்புறம் பாத்தா மூக்கை உறிஞ்சுற சத்தம் கேக்குது. என்னம்மா அழுகுறியான்னேன். இல்லப்பா, சளி பிடிச்சிருக்குன்னா. அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு மட்டும் சொல்லிட்டு வச்சுட்டா. திருப்பூர்ல இப்ப மழை அதிகம்போல.

தோசை வந்துருச்சு, சாப்பிடுங்க. அங்கயும் ஒண்ணு போகுது பாருங்க. அவளுக்கு எப்பவும் ஓரம் செவந்துதான் வரும், இந்தப் பய தனியா சொல்லிப் போட்டு வாங்குறான். எனக்கு நடுவுல வெள்ளையா, துணி மாதிரி வரும்.

எனக்குக் கோவம் கூட இல்ல தம்பி. அலுத்துப்போச்சு. வேலையில இருக்கிற வரைக்கும் ரிட்டயர் ஆனதும் நிம்மதியா உக்காந்து சாப்பிடலாம்னு நெனச்சேன். காலையில அவசரமில்லாம, அவ சுட்டுப் போட, நான் பேசிக்கிட்டே சாப்பிட. கடைசியில என்ன, வந்தவன் போனவன்கிட்டப் பொண்டாட்டி கதையைச் சொல்லிக்கிட்டு, எண்ணெய் மேசையில உக்காந்திருக்கேன். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். அவ எதிர்ல ஒரு எடம். அம்புட்டுத்தான் கேக்குறேன். அந்தா, யாரோ ஒரு பொம்பளைப் புள்ள, வாசல்ல நிக்காம உள்ளயே வந்து அவ எதிர்ல உக்காருது பாருங்க. பிரஸ்ல பைண்டிங் வேலைக்கு வர்ற புள்ளபோல. கையில பசை காஞ்சிருக்கு. புஷ்பம் என்னமோ கேக்குறா. சிரிக்கிறாளே. காலங்காத்தால அப்படி என்ன சிரிப்பு? என்கிட்ட இப்படிச் சிரிச்சு... அவ எனக்கு எதிர்ல உக்காந்ததே இல்லையே, எங்கிட்டுச் சிரிக்க. நின்னுக்கிட்டேல்ல இருந்தா. நான் உக்காந்திருப்பேன், அவ...

ஹக்... ஸ்ஸ்... ஒண்ணுமில்ல... மொளகா... ஹக்...

தண்ணி... இல்ல தம்பி, நீங்க சாப்பிடுங்க... ஹக்... ஏய், நீ ஏன் வந்த? ஒண்ணுமில்ல புஷ்பம், பேசிக்கிட்டே தின்னேன், புரை ஏறிருச்சு. போதும், தலையில தட்டுனது போதும். குடிச்சுட்டேன். சட்டையை விடு, நான் தொடச்சுக்கிறேன். ஆமா, காரம்தான். சக்கரையெல்லாம் வேண்டாம், அவனைக் கூப்பிடாத. இந்தத் தம்பியா, ஈரோட்லருந்தா எங்கருந்தோ வந்திருக்காரு, சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். நீ போ. போய்ச் சாப்பிடு. ஒண்ணுமில்லன்னா, போ.

போயிட்டா. பாத்தீங்கள்ல? இங்க ஒரு கனைப்புக் கேட்டுருக்கக்கூடாது, அங்கருந்து பாய்ஞ்சு வந்துட்டா. நீங்க பக்கத்துல இருக்கீங்க, நீங்க டம்ளரை எடுக்கிறதுக்குள்ள அவ வந்துட்டா. நான்தான் சொன்னேனே, அவளுக்கு என் மேல ஒண்ணும் வெறுப்பு இல்ல.

உக்காந்துட்டா. தோசையைத் தொடுறா. கையை எடுத்துட்டா பாருங்க. ஆறிப்போச்சுபோல. இம்புட்டு நேரத்துல ஆறாம என்ன செய்யும். சேர்மக்கனியைக் கூப்பிட்டு வேற கேக்கலாம்ல? அவ கேட்டா அவன் உடனே போட்டுத் தருவான். கேக்க மாட்டேங்குறா. திங்கிறா. பிச்சுப் பிச்சு, இலையைக் கூடப் பாக்காம, வேற எங்கயோ பாத்துக்கிட்டுத் திங்கிறா. எதிர்ல இருக்க புள்ள என்னமோ பேசுது, இவ தலையை மட்டும் ஆட்டுறா.

ஜெராக்ஸ் கடையில நின்னு பாத்தப்ப இந்த முகம் இல்ல தம்பி. இது வேற முகம். இப்படி அவ சாப்பிட்டு நான் பாத்தது கிடையாது. நான் சாப்பிட்டுக் கையைக் கழுவுனதும் சட்டையை மாட்டிக்கிட்டு வாசலுக்குப் போயிருவேன். அவ உள்ள அடுப்படியில... மிஞ்சுன மாவுல ஊத்துனது, முன்னாலயே சுட்டு வச்சது, எனக்குக் கருகிருச்சுன்னு எடுத்து வச்சது... இப்படித்தான் தின்னுருப்பா. எத்தனை வருசம். ஜெயசுதாவைப் பெத்த அன்னிக்கு மட்டும் ஆஸ்பத்திரியில சூடா ஏதாச்சும் குடுத்துருப்பாங்க.

அந்தத் தண்ணியை இங்கிட்டுத் தள்ளுங்க தம்பி. புரை ஏறுனதுதான், நெஞ்சுல காரம் நிக்குது.

இங்கிட்டே பாக்குறா பாருங்க. ஒரு வாய் தின்னுட்டு ஒரு தரம் பாக்குறா. மறுபடி இருமிருவேனோன்னு பாக்குறா. நான் இந்த மேசையில இருந்தா என்ன, அந்த மேசையில இருந்தா என்ன, நான் இருக்கிற வரைக்கும் அவ பாத்துக்கிட்டுத்தான் இருப்பா. நான் ஒருத்தன், அவ கண்ணுக்கு முன்னாலயே வந்து வந்து உக்காந்துக்கிட்டு.

இல்ல, போதும், எனக்கு மிச்சம் வேண்டாம். நீங்க நிதானமா சாப்பிடுங்க. சேர்மக்கனி, இங்க வா. கிட்ட வா, கத்த வைக்காத. அக்காவுக்கு ஒரு தோசை போடச் சொல்லு. கல்லுலருந்து நேரா கொண்டு போ, வழியில எவன்கூடயும் நின்னு பேசாத. அந்த ஆறுனதை எடுத்துரு. நான் சொன்னேன்னு சொல்லாத. கேட்டா மாஸ்டர் குடுத்தாருன்னு சொல்லு.

அவளுக்காகப் போறேன்னு நெனச்சுக்காதீங்க தம்பி. எனக்கு இந்தக் கடைச் சாப்பாடு ஒத்துக்கல, பித்தம் ஏறுது. நாளையிலருந்து வர்றதா இல்ல. நீங்க மறுபடி ஆர்டர் விசயமா வந்தீங்கன்னா அந்த மேசையில உக்காருங்க, அவ நல்லாப் பேசுவா போலிருக்கு.

கையைக் காட்டி, என்னாச்சுன்னு கேக்குறா. ஒண்ணுமில்ல புஷ்பம். நீ சாப்பிட்டு மெதுவா வா. நான் கெளம்புறேன்.

வீட்ல ஹாட்பாக்ஸ்ல இட்லி மூடி வச்சிருப்பா. நான் இங்க வர ஆரம்பிச்சும் அவிக்கிறதை மட்டும் விடல, கடையில எனக்குப் பிடிக்காமப் போயிட்டா வேணுமேன்னு. சாயங்காலம் அதை உப்புமாவாக்கி அவ தின்பா. ஆனா முன்ன மாதிரி எல்லாம் எடுத்து வெளியில வைக்கிறதில்ல. இட்லி இருக்கிற எடம் தெரியும். சட்னியை எங்க வைப்பான்னுதான் தெரியல. இப்பக் கேட்டா, சாப்பாட்டைப் போட்டுட்டு எந்திரிச்சு கூடவே வந்துருவா. கேக்க வேண்டாம். வீடு என்ன அம்புட்டுப் பெருசா, தேடிப் பாத்துக்கிறேன்.